கம்பம் திராட்சைக்கு ஆல்ப்ஸ் சொந்தம்

சிவப்பு ஒயின் என்றால் அடர்நிறம், கடும் துவர்ப்பு என்பதே பலரின் எண்ணம். இத்தாலியின் ஆல்ப்ஸ் சரிவில் விளையும் ஸ்கியாவா திராட்சையின் ஒயின் வேறு ரகம்: வெளிர் சிவப்பு, மென்மையான சுவை, லேசான போதை. உலகம் அதிகம் கண்டுகொள்ளாத இந்தத் திராட்சையின் வாரிசு மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைதான் அது. ஸ்கியாவாவும் அலெக்சாண்ட்ரியா மஸ்கட்டும் கலந்து பிறந்த மஸ்கட் ஹாம்பர்க் ரகம்.

காரோடு முதல் காசர்கோடு வரை, கிறிஸ்துமஸ் நெருங்கினால் கேரளக் கிறிஸ்தவ வீடுகளில் பரணிகளில் திராட்சையும் சர்க்கரையும் புளிக்கத் தொடங்கும். அனுமதியின்றித் தயாரிப்பது குற்றம் என்று 2019 டிசம்பரில் எச்சரித்தது கலால் துறை. 2022இல் சிறு ஒயின் ஆலைகளுக்கு விதிகள் வகுத்தது அரசு. ஆனால் கேரள விளைபொருட்களுக்கு மட்டும். பன்னீர் திராட்சையோ எல்லைக்கு இந்தப் பக்கம்!