போன மாதம் காணோமே?

காலை ஏழு மணிக்கு முன்பே சிவன் கோயில் மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்தாகிவிடுகிறது. இன்று திருவாசக முற்றோதல். 51 பகுதிகள், 650க்கும் மேற்பட்ட பாடல்கள். சிவபுராணத்தில் தொடங்கி அச்சோப் பதிகத்தில் முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். தமிழகத்தின் பல ஊர்களில் இப்படி மாதம் ஒருமுறை கூடுகிறவர்களில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள். மூட்டுவலிக்காரர்களுக்குப் பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி. போற்றித் திருவகவலில் ஒருவருக்கு மூச்சு வாங்கினால், பக்கத்திலிருப்பவர் அடியைப் பிடித்துக்கொள்கிறார்.

2021 முதல் தமிழக அரசு ஊழியர்களுக்கு ஓய்வு வயது 60. மாலை, பொன்னாடை எல்லாம் முடிந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போக இடமில்லை. கையெழுத்துக்காகக் காத்திருக்கவும் யாரும் இல்லை. திருவாசகம் பாடிய மாணிக்கவாசகரும் பதவியை விட்டவர்தான். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன அமைச்சர், திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டார் என்பது மரபு. இந்த மண்டபத்தில் முன்னாள் தாசில்தாரும் முன்னாள் கண்டக்டரும் ஒருவரையொருவர் 'ஐயா' என்றே கூப்பிடுகிறார்கள். பழைய பதவியை யாரும் கேட்பதில்லை.

"சிவாயநம. போன மாதம் காணோமே ஐயா?"

"சுகர் ஏறிடுச்சுங்க."

இந்த விசாரிப்பில்தான் பாதி மருந்து இருப்பதாக எனக்குப் படுகிறது. அமெரிக்காவில் எல்லா வயதினரிடமும் நடத்திய ஆய்வொன்றை சாயூன் லிம், ராபர்ட் பட்னம் இருவரும் 2010இல் வெளியிட்டார்கள். வாரந்தோறும் வழிபாட்டுக்குப் போய், அங்கே மூன்று முதல் ஐந்து நெருங்கிய நண்பர்களும் உள்ளவர்களில் 100க்கு 33 பேர் வாழ்க்கையில் மிக மிக நிறைவு என்றார்கள். வாரந்தோறும் போயும் அங்கே நண்பர் இல்லாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 19 பேர்தான்.

பெண்களின் கதை வேறு. கணவருக்கு 60இல் ஓய்வு வந்தாலும் அடுப்படிக்கு ஓய்வு வருவதில்லை. மாதத்தில் அந்த ஒருநாள் மதியம் மட்டும் யாரோ சமைத்ததை, யாரோ பரிமாற, உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பக்தியோடு இதையும் சேர்த்துத்தான் அந்த முகங்களின் தெளிவைப் புரிந்துகொள்ள வேண்டும்.

எனக்குக் கவலை, வரமுடியாமல் போனவர்களைப் பற்றித்தான். மாடியில் குடியிருந்து படி இறங்க முடியாதவருக்கு டி.வி.யில் தேவாரம் கேட்கிறது. 'காணோமே' என்று கேட்க அங்கே ஆளில்லை. சில குழுக்கள் அவர் வீட்டுக்கே போகின்றன. நாலு பேர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஒரே ஒரு பதிகம் பாடுகிறார்கள். காபி கொண்டுவந்த மருமகள் டம்ளர்களை எடுக்காமல் கதவோரம் நிற்கிறாள்.