பிரவுசரைக் கடத்தும் விளம்பர நிரல்கள்

கணினிக்குள் நுழைந்து, பிரவுசரின் முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் கேட்காமலே மாற்றிவிடும் விளம்பர நிரல்கள் ஆட்வேர் வகையைச் சேர்ந்தவை. கோப்புகளை அழிப்பதோ, பூட்டிவைத்துப் பணம் பறிப்பதோ இவற்றின் வேலையல்ல. தேடப்படும் ஒவ்வொரு சொல்லையும் தம் வழியாகத் திருப்பி, விளம்பர வருமானத்தில் பங்கு பெறுவதே நோக்கம். முடிவுகள் பல நேரங்களில் கூகுள், யாஹூ போன்ற பழகிய தளங்களிலிருந்தே வருவதால், நடுவில் ஒரு தரகர் இருப்பது எளிதில் புலப்படாது.

பெரும்பாலும் இவை இலவச மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. வீடியோ பிளேயரையோ பிடிஎஃப் மாற்றியையோ இன்ஸ்டால் செய்யும்போது, முன்கூட்டியே டிக் செய்யப்பட்ட ஒரு சிறு பெட்டியில் இதற்கான சம்மதம் ஒளிந்திருக்கும். 'நெக்ஸ்ட்' பொத்தானைப் படிக்காமல் அழுத்துகிறவர் அனுமதி கொடுத்தவராகிவிடுகிறார். எக்ஸ்டென்ஷன்கள் இன்னொரு வழி. நல்ல எக்ஸ்டென்ஷன் கைமாறியபின் கெட்டுப்போவதும் உண்டு. பல லட்சம் பேர் பயன்படுத்திய 'தி கிரேட் சஸ்பென்டர்' 2020-இல் வேறு கைக்குப் போனது. தீங்கான நிரல் இருப்பதாகக் கூறி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை முடக்கியது.

2017-இல் செக் பாயின்ட் நிறுவனம் அம்பலப்படுத்திய 'ஃபயர்பால்' என்ற இவ்வகை நிரல் உலகெங்கும் 25 கோடி கணினிகளில் பரவியதாகச் சொல்லப்பட்டது. அந்தக் கணக்கு மிகை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது.

ஆனால் இவ்வகை நிரல் எவ்வளவு ஆழம் போகும் என்பதைக் காட்டியது 'சூப்பர்ஃபிஷ்' விவகாரம்தான். 2014-இன் பிற்பகுதியில் லெனோவோ தன் லேப்டாப்கள் சிலவற்றில் இதை முன்கூட்டியே போட்டு விற்றது. பார்க்கும் பக்கங்களில் பொருள் விளம்பரங்களைச் செருகுவது இதன் வேலை. பூட்டுக் குறியுள்ள பாதுகாப்பான தளங்களிலும் விளம்பரம் செருக வேண்டுமென்பதற்காக, விண்டோஸில் தனக்கென ஒரு மூலச் சான்றிதழைப் பதித்து, வங்கித் தளம் உட்பட எல்லாத் தளங்களின் பெயரிலும் தானே சான்றிதழ் வழங்கிக்கொண்டது. எல்லா லேப்டாப்களிலும் ஒரே ரகசியச் சாவி! 2015 பிப்ரவரியில் ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு வல்லுநர் சில மணி நேரத்தில் அதன் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தார்; நிரலின் முக்கியப் பகுதியை எழுதிய 'கொமோடியா' நிறுவனத்தின் பெயரேதான் அது. அந்தச் சாவி கையில் இருந்தால், பொது வைஃபையில் அமர்ந்தபடி எந்தத் தளம்போலவும் நடிக்கலாம். நிரலை அன்இன்ஸ்டால் செய்தாலும் சான்றிதழ் அப்படியே தங்கியது. அதைத் தனியே நீக்க வேண்டியிருந்தது. 2017-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் லெனோவோ சமரசம் செய்துகொண்டு, 32 மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

முகப்புப் பக்கத்தை மட்டும் மாற்றினால் மறுநாளே பழைய தொல்லை திரும்பிவிடலாம். சூப்பர்ஃபிஷைப் போலவே பல நிரல்களின் வேர் பிரவுசருக்கு வெளியே இருக்கிறது. எனவே அங்கிருந்தே நீக்கத் தொடங்க வேண்டும். விண்டோஸின் செயலிகள் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கி, தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்தவற்றை அகற்றுவது முதல் வேலை. அடுத்து டாஸ்க் ஷெட்யூலர். நீக்கிய நிரலை மீண்டும் இறக்கும் கட்டளை பெரும்பாலும் இங்கேதான் பதுங்கும். பிரவுசர் ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில், நிரலின் பெயருக்குப் பின்னால் ஏதேனும் இணைய முகவரி ஒட்டியிருந்தால் அதை அழிக்க வேண்டும். பிராக்ஸி அமைப்பையும் பார்த்துவிடலாம்.

பிறகுதான் பிரவுசர். தெரியாத எக்ஸ்டென்ஷன்களை நீக்குமுன் சிங்க் வசதியை நிறுத்துவது முக்கியம். இல்லாவிட்டால் இன்னொரு கணினியிலிருந்து அவை திரும்ப வந்துவிடும். வீட்டுக் கணினியின் குரோம் மெனுவில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று தெரிந்தால், ரெஜிஸ்ட்ரியில் ஏதோ ஒரு நிரல் பாலிசி எழுதியிருக்கக்கூடும். கடைசியாக ரீசெட் செய்தால் புக்மார்க்குகள் போகாது. நோட்டிஃபிகேஷன் அனுமதி பெற்ற தளங்களையும் களையெடுக்க வேண்டும். திரை மூலையில் குதிக்கும் விளம்பரங்கள் பல அங்கிருந்தே வருகின்றன.

எஞ்சியதைப் பிடிக்க மால்வேர்பைட்ஸின் இலவச 'ஆட்வ்கிளீனர்' உதவும். ஆனால் கடத்தப்பட்ட பிரவுசரில் அதைத் தேடக்கூடாது. தேடல் முடிவுகளே தரகரின் கையில் இருக்கும்போது, முதலில் வரும் 'கிளீனர்' இன்னொரு ஆட்வேராக இருக்கலாம். வேறொரு சுத்தமான கணினியில் இறக்கி எடுத்து வருவதே பாதுகாப்பு. எல்லாம் முடிந்தபின் வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றிவிட வேண்டும்.