திருவிழாவில் விலை பேசப்பட்ட மனிதர்கள்!
துடி அடித்து கதை சொல்லும் கூடலூர் பணியர்கள்

கூடலூர்:-

திருவிழாவில் என்ன விற்பார்கள்? வளையல் விற்பார்கள். பொரி கடலை விற்பார்கள். சில ஊரில் மாட்டு சந்தையும் நடக்கும்.

மனிதனை விலை பேசிய திருவிழா உண்டா?

உண்டு. ரொம்ப தூரத்தில் இல்லை. நீலகிரி எல்லையை தாண்டினால் வயநாடு. அங்கே மானந்தவாடி பக்கத்தில் வள்ளியூர்க்காவு பகவதி கோவில் இருக்கிறது. ஆண்டுதோறும் மார்ச் மாதம் 14 நாள் திருவிழா.

அந்த கூட்டத்தில்தான் அந்த காலத்து நிலச்சுவான்தார்கள் ஆள் பிடிப்பார்கள். கையில் கொஞ்சம் காசு வைப்பார்கள். அதற்கு பெயர் "நில்பு பணம்". வாங்கியவன் அம்மன் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். அவ்வளவுதான்! அடுத்த திருவிழா வரை அவன் அந்த பண்ணைக்கு சொந்தம். நடுவில் ஓடிப்போனால் சாமி குத்தம் வந்துவிடுமே என்ற பயமே அவன் காலில் மாட்டிய விலங்கு.

இப்படி விலை பேசப்பட்டவர்களில் முக்கியமானவர்கள் பணியர்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் இன்றும் வாழ்கிற பழங்குடி மக்கள்.

பெயரே வேலை

கூடலூர் பக்கம் ஆதியில் வயநாட்டின் ஒரு பகுதி. 1877-ல்தான் நீலகிரி மாவட்டத்தோடு சேர்ந்தது. அதனால் வயநாட்டு வழக்கம் எல்லாம் இங்கேயும் இருந்தது.

"பணி" என்றால் வேலை. "பணியன்" என்றால் வேலைக்காரன். ஒரு ஜனத்துக்கே வேலைக்காரன் என்று பெயர் வைத்துவிட்டார்கள்! காட்டை வெட்டி வயல் ஆக்கியது அவர்கள் கை. நாற்று நட்டது அவர்கள் கை. பின்னால் காபி, தேயிலை தோட்டம் வந்தபோது அங்கேயும் உழைத்தது அவர்கள் கைதான். நிலம் மட்டும் அடுத்தவன் பேரில்!

வெள்ளைக்காரன் சட்டம் போடாமல் இல்லை. அடிமை முறையை கோர்ட்டு ஏற்காது என்று 1843-லேயே சட்டம் வந்தது. சட்டம் காகிதத்தில் இருந்தது. நில்பு பணம் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் பல வருடம் இந்த வழக்கம் சாகவில்லை.

கப்பல் கதை

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பணியர்களின் சுருட்டை முடியையும் கறுத்த மேனியையும் பார்த்த வெள்ளைக்கார தோட்ட துரைமார்கள் ஒரு கதை கட்டினார்கள். ஆப்பிரிக்காவில் இருந்து வந்த கப்பல் மலபார் கரையில் உடைந்ததாம், அதில் தப்பியவர்களின் வாரிசுதான் இவர்களாம்!

சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909-ல் வெளிவந்த தன் நூலில் இதை எடுத்து எழுதினார். விசாரித்துப் பார்த்தால் இந்த கதை நிற்காது என்றும் அவரே எழுதிவிட்டார். பணியர்கள் இந்த மலைக்காரர்கள்தான்.

கப்பல் கதை பொய். ஆனால் ஆப்பிரிக்க மக்களோடு பணியர்களுக்கு வேறு ஒரு ஒற்றுமை உண்டு. அது பொய் இல்லை. அவர்களும் விலைக்கு போனார்கள், இவர்களும் போனார்கள். அவர்களும் கொட்டு அடித்து துக்கத்தை ஆற்றினார்கள், இவர்களும் அப்படியே.

அமெரிக்காவில் கார்ட்டர் வுட்சன் என்று ஒரு கறுப்பர். அப்பாவும் அம்மாவும் அடிமைகளாக இருந்தவர்கள். இளம் வயதில் நிலக்கரி சுரங்கத்தில் வேலை செய்து, பிறகு படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். "எங்கள் சரித்திரத்தை நாங்களே சொல்ல வேண்டும்" என்ற எண்ணத்தோடு 1926 பிப்ரவரியில் ஒரு வாரம் விழா தொடங்கினார். 1976-ல் அது ஒரு மாத விழா ஆனது. கண்காட்சி, பாட்டு, நடனம், நாடகம் என்று இன்று அமெரிக்கா முழுவதும் நடக்கிறது. இங்கிலாந்திலும் 1987 முதல் நடக்கிறது.

அதே 1976-ல் நம் நாட்டில் என்ன நடந்தது தெரியுமா? கொத்தடிமை ஒழிப்பு சட்டம் நிறைவேறியது!

யாருக்காக அடித்த கொட்டு?

பணியர் கையில் இரண்டு வாத்தியம். ஒன்று துடி. நடுவில் சிறுத்து, இரண்டு பக்கமும் தோல் கட்டிய கொட்டு. சங்க பாட்டிலேயே வருகிற பழைய பெயர். இன்னொன்று சீனம் என்கிற குழல். துடி அதிர, சீனம் இழுக்க, பெண்கள் வட்டமாக சுற்றி ஆடுவார்கள். பார்க்க கண் கோடி வேண்டும்.

ஆனால் இந்த துடிக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நடவு காலத்தில் வரப்பில் நின்று ஆண்கள் துடி அடிப்பார்கள். அந்த தாளத்துக்கு குனிந்து பெண்கள் நாற்று நடுவார்கள். "கம்பள நாட்டி" என்று பெயர். தாளம் வேகம் எடுத்தால் கையும் வேகம் எடுக்கும். வேலை சீக்கிரம் முடியும். லாபம் யாருக்கு? பண்ணைக்காரனுக்கு!

கூடலூர் குலுங்கிய நாள்

அந்த கணக்கு மாறிய நாள் 1988 டிசம்பர் 5. கூடலூர் வீதியில் சுமார் 10 ஆயிரம் ஆதிவாசிகள் ஊர்வலம் வந்தார்கள். பணியர், பெட்டகுறும்பர், முள்ளுகுறும்பர், காட்டுநாயக்கர், இருளர் எல்லாரும் ஒன்றாக வந்தார்கள். "எங்கள் நிலம் எங்களுக்கு" என்பதுதான் கோரிக்கை. முதலாளியை கண்டால் ஒதுங்கி நின்ற ஜனம், நடுரோட்டில் நிமிர்ந்து நடந்தது. ஆதிவாசி முன்னேற்ற சங்கம் வேர் பிடித்தது.

டிசம்பர் 5 இன்று அவர்களுக்கு ஆதிவாசி தினம். துடி சத்தம் இல்லாமல் அந்த விழா இல்லை. இப்போது அது யார் வயலுக்காகவும் அடிக்கிற துடி இல்லை. தங்களுக்காக தாங்களே அடிக்கிற துடி!

எழுத்து இல்லாத சரித்திரம்

பணிய மொழிக்கு சொந்த எழுத்து கிடையாது. தாத்தா, பாட்டி வாயில் இருப்பதுதான் புத்தகம். அவர்கள் கண் மூடினால் புத்தகமும் மூடிவிடும். அதனால்தான் கூடலூர் வித்யோதயா பள்ளிக்கூடத்தில் ஆதிவாசி பிள்ளைகளுக்கு கணக்கு, தமிழோடு சொந்த பாட்டும் ஆட்டமும் சேர்த்து சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஊட்டி பக்கம் எம்.பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே உள்ள மியூசியத்தில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய 6 பழங்குடிகளின் குடிசை மாதிரி, பாத்திரம், ஆயுதம், வாத்தியம் எல்லாம் பார்க்கலாம். ரோஜா தோட்டத்துக்கும் படகு துறைக்கும் போகிற கூட்டத்தில் பத்தில் ஒருவர் அங்கே எட்டிப் பார்த்தாலும் நல்லது.

மலைக்கு போகிறவர்கள் கோடை விழா மேடையில் பழங்குடி ஆட்டம் பார்ப்பார்கள். ஐந்து நிமிடம் கை தட்டுவார்கள். போட்டோ பிடிப்பார்கள். மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

அடுத்த முறை துடி சத்தம் கேட்டால் கொஞ்சம் நில்லுங்கள். கூட வந்த பிள்ளைகளுக்கு இந்த திருவிழா கதையை சொல்லுங்கள். கை தட்டலை அதற்கு பிறகு வைத்துக்கொள்ளலாம்.