மாயர் என்றால் பொறுப்பாளர்

மாயர் என்பது ஜெர்மனியில் பரவலான குடும்பப் பெயர். 'பெரியவர்' எனப் பொருள்படும் 'மாயோர்' என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். நாம் சொல்லும் 'மேயரும்' அதில் பிறந்ததே. இடைக்காலத்தில் பிரபுக்களும் துறவு மடங்களும் தங்கள் நிலங்களைக் கவனிக்க அமர்த்திய பொறுப்பாளரை இப்பெயரால் அழைத்தனர். ஊருக்கு அவர் பெரியவர், நிலமோ அவருடையதல்ல. அவர் கணக்கு ஒப்படைக்க வேண்டியவர்.

இப்பெயர் தாங்கிய இயேசு சபை அருள்பணியாளர், அருளாளர் ரூபர்ட் மாயர், மியூனிக் நகரில் நாத்சி ஆட்சியை எதிர்த்து மறையுரையாற்றினார். 1937ல் பேசத் தடை வந்தது. கோவிலில் தொடர்ந்து பேசினார்; சிறைப்பட்டார். இறைவார்த்தை அவருடைய சொத்தல்ல, அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதைப் பூட்டிவைக்க அவருக்கு உரிமையில்லை.

நம் பிள்ளைகளும், பதவியும், பொருளும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவையே. தலைவர் வரும்போது நாம் என்ன கணக்குக் கொடுப்போம்?