விழாவும் உயிலும்: துப்பறியும் புதினத்தில் தாயத்தின் இடம்

துப்பறியும் புதினம் பொழுதுபோக்கு நூலே, ஆராய்ச்சிக்குரிய இலக்கியமன்று எனக் கருதுவார் உளர். அக்கருத்து எவ்வாறாயினும், ஒரு சமுதாயம் தன் செல்வத்தை யாருக்கு உரியதாக எண்ணியது, யாரை உரிமையினின்று விலக்கியது என்பதை அறிய விரும்புவார்க்கு அவ்வகை நூல்கள் நல்ல சான்றுகளாகும். இங்கிலாந்தில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வளர்ந்த ஒரு கிளைவகையை ஈண்டு நோக்குவோம். நாட்டுப்புறத்துப் பெருமனை ஒன்றில் திருநாளின்பொருட்டுக் குடும்பத்தார் கூடுகின்றனர். செல்வம் மிக்க முதியவர் கொல்லப்படுகின்றார். அவருடைய உயிலால் பயன் பெறுவோர் அனைவரும் ஐயத்திற்கு உள்ளாகின்றனர். அகதா கிறிஸ்டி 1938-இல் வெளியிட்ட 'ஹெர்க்யூல் புவாரோவின் கிறிஸ்துமஸ்' இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். முடிவைக் கூறாது அதன் அமைப்பை ஆராய்தல் இயலாது. ஆதலின் முடிவும் ஈண்டுக் கூறப்படும்.

நிலமும் பொழுதும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்பது தமிழ் மரபு. இவ்வகைப் புதினத்திலும் அவ்விரண்டும் வெறும் பின்னணியாக நில்லாமல், கதையை இயக்கும் முதலாக நிற்கின்றன. பெருமனை ஊரினின்று ஒதுங்கியது. வருவோரும் போவோரும் எண்ணி அறியத் தக்கவர். ஆகவே ஐயத்திற்குரியோர் தொகை வரையறைப்படுகின்றது. மேலும் அம்மனையே பங்கிடப்பட வேண்டிய சொத்தின் ஒரு பகுதியாகவும் உள்ளது. முதல் உலகப் போருக்குப்பின் இறந்தோர் சொத்தின்மீது விதிக்கப்பட்ட வரி, மிகப் பெருஞ் செல்வங்களுக்கு 1919-இல் 40 விழுக்காடாக உயர்ந்தது. பல பழைய மனைகள் விற்கப்பட்டன, சில இடிக்கப்பட்டன. மனை யாரிடம் செல்லும் என்பது அக்காலத்து வாசகர்க்கு வெறுங் கற்பனை வினாவன்று.

பொழுதின் பயன் இன்னும் நுட்பமானது. பகைத்துப் பிரிந்த மக்களை ஒரே கூரையின்கீழ்க் கூட்டுதற்குத் திருநாளினும் பொருத்தமான காரணம் இல்லை. அன்றியும், விழா நாட்களில் அலுவல்கள் நின்றுவிடுகின்றன. இப்புதினத்தில் முதியவர் சிமியன் லீ, புதிய உயில் எழுதவேண்டும் என்றும், கிறிஸ்துமஸ் கழிந்தபின் வருமாறும் தம் வழக்கறிஞரிடம் தொலைபேசியில் கூறுகின்றார். அதனை மக்கள் கேட்குமாறு செய்கின்றார். பழைய உயில் நிலைத்திருப்பது இன்னுஞ் சில நாட்களே. விழாவின் ஓய்வே கொலைக்குரிய தவணையாக மாறுகின்றது. டிசம்பர் 22 முதல் 28 வரையுள்ள ஏழு நாட்களின்படி நூல் ஏழு பகுதிகளாக அமைந்திருத்தலும் இத்தவணை உணர்வை மிகுவிக்கின்றது.

உயிலின் ஆற்றல்

முதியவரின் சொல் மக்களை நடுங்கச் செய்வது ஏன்? 1837-ஆம் ஆண்டின் உயில் சட்டத்தின்கீழ், இங்கிலாந்தில் ஒருவர் தம் சொத்தைத் தாம் விரும்பியவர்க்கு எழுதிவைக்க இயன்றது. மக்களை முற்றும் விலக்கவும் இயன்றது. உயில் எழுதாது இறந்தோரின் நிலம் மூத்த மகனையே சேரும் என்ற பழைய விதி 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. உயில் எழுதுவோரின் உரிமைக்கு வரம்பு கட்டும் சட்டம், இப்புதினம் வெளிவந்த 1938-இலேயே நிறைவேறியது. அச்சட்டமும் துணைவர், மணமாகாத மகளிர், வயது நிரம்பாத புதல்வர், உடல் அல்லது உளக் குறையால் தம்மைக் காத்துக்கொள்ள இயலாத மக்கள் ஆகியோர்க்கே நீதிமன்றத்தை நாடும் வழி தந்தது. வளர்ந்து வலிமையுடன் வாழும் மகனுக்கு அது துணை செய்யவில்லை. எனவே முதியவர் கையிலுள்ள எழுதுகோல் உண்மையிலேயே ஆற்றல் வாய்ந்ததாகும்.

மற்றொரு விதியும் கருதத்தக்கது. கொன்றவர் கொல்லப்பட்டவரின் சொத்தால் பயன்பெறலாகாது என்பது 1892-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் உறுதிப்படுத்திய கொள்கை. செல்வத்திற்காகக் கொல்பவன் அகப்பட்டால் உயிரையும் இழப்பான், செல்வத்தையும் இழப்பான். ஆகவே அவன் கொலையைப் புதிராக்கியே தீர வேண்டும். உயிலும் புதிரும் இவ்வகைப் புதினத்தில் இணைபிரியாது வருதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதிராக வந்த தாயம்

தாயத்தையே புதிராக அமைக்கும் மரபு கிறிஸ்டிக்கு முன்னரே உண்டு. ஆர்தர் கோனன் டாயிலின் 'மஸ்கிரேவ் சடங்கு' (1893) என்னும் சிறுகதையில், ஒரு குடும்பத்தின் ஆண்மக்கள் வயது வந்தவுடன் வினாவிடைகளாலான பழைய வாசகம் ஒன்றைத் தலைமுறைதோறும் ஓதிவருகின்றனர். அதன் பொருளை உரிமையாளர் எவரும் அறியார். பட்லராகப் பணிசெய்த பிரன்டன் என்பவனே முதலில் அறிகின்றான். டாரதி சேயர்ஸ் 1928-இல் வெளியிட்ட 'மெலியேகர் மாமாவின் உயில்' என்னும் கதையிலோ, உயில் இருக்குமிடத்தை அறியக் குறுக்கெழுத்துப் புதிர் ஒன்றை விடுவிக்க வேண்டியிருக்கின்றது. இவற்றில் புதிர் வெளிப்படையானது. விடுவிப்பவர் பொருளை அடைகின்றார். கிறிஸ்டியின் புதினத்தில் புதிர் மறைந்து நிற்கின்றது. வாசகர் விடுவிக்க முயலும் வினா ஒன்று; விடுவிக்க வேண்டிய வினா வேறொன்று.

கார்ஸ்டன் மனைக் கொலை

சிமியன் லீ தென்னாப்பிரிக்காவில் வைரத்தால் பொருள் ஈட்டியவர்; மனைவிக்கு நெடுங்காலம் துன்பம் இழைத்தவர். அவர் அழைப்பால் ஆல்பிரட், ஜார்ஜ், டேவிட், ஹாரி என்னும் மக்களும், இறந்துபோன மகள் ஜெனிபரின் மகள் எனப்படும் பிலாரும் கூடுகின்றனர். பழைய நண்பரின் மகன் எனத் தன்னைக் கூறிக்கொண்டு ஸ்டீபன் ஃபார் என்பவனும் வருகின்றான். டிசம்பர் 24 இரவு, மேன்மாடத்து அறையில் தட்டுமுட்டுப் பொருள்கள் உருளும் ஓசையும் கொடிய அலறலும் கேட்கின்றன. உட்புறம் பூட்டிய கதவை உடைத்து நுழைவோர், கழுத்து அறுபட்டுக் கிடக்கும் முதியவரையும் பெருகிய குருதியையும் காண்கின்றனர். தீட்டப்படாத வைரங்கள் காணாமற் போயுள்ளன.

உயில் படிக்கப்படுகின்றது: பாதி ஆல்பிரடுக்கு, மறுபாதி ஏனைய மக்களுக்கு. வாசகர் உடனே ஒவ்வொருவரின் பங்கையும் தேவையையும் கணக்கிடத் தொடங்குகின்றனர். இக்கணக்கே ஆசிரியர் விரித்த வலை. கொன்றவன் உயிலால் ஒரு காசும் பெறாதவன். புவாரோவுடன் புலனாய்வு செய்துவந்த போலீஸ் சூப்பிரண்டு சக்டனே அவன். சிமியன் லீக்கு மணவுறவின் புறத்தே பிறந்த மகன். தன்னையும் தாயையும் கைவிட்ட தந்தையைப் பழிவாங்கவே வந்தவன். கேட்ட ஓசை கொலையின் ஓசையன்று. கொலை முன்னரே முடிந்திருந்தது. அடுக்கிய பொருள்களைச் சாளரத்தின் வழியே கயிற்றால் இழுத்து வீழ்த்தினான்; அலறியது, காற்று வெளியேறுங்கால் பன்றிபோற் கதறும் விளையாட்டு ஊதற்பை. சிறுவர்க்குரிய விளையாட்டுப்பொருள் ஒன்றே கொலையின் காலத்தை மறைக்கும் கருவியாயிற்று.

எண்ணப்படாத மகன்

இப்புதினத்தில் தாயம் இருவகையாக வருகின்றது. ஒன்று பொருள்தாயம், அதனை உயில் வகுக்கின்றது. மற்றொன்று உடல்தாயம், அதனை முகமும் நடையும் காட்டுகின்றன. வாசகர் நோக்கைப் பொருள்தாயத்தில் நிறுத்திவிட்டு, விடையை உடல்தாயத்தில் வைத்ததே கிறிஸ்டியின் திறம். பட்லர் டிரெசிலியன், நடந்ததே மீண்டும் நடப்பதுபோல் தோன்றுகின்றது என்று கலங்குகின்றார். முதுமையின் தளர்ச்சி என நாம் கடந்துசெல்லும் இக்கூற்று, ஹாரி, ஸ்டீபன், சக்டன் ஆகிய மூவர்க்கும் கதவு திறந்தவர் கண்ட ஒப்புமையாகும். புவாரோ பொய்மீசை ஒன்றை வாங்கிச் சிமியனின் ஓவியத்தில் வைத்துப் பார்க்க, சக்டனின் முகம் தெரிகின்றது. பிலார் உண்மைப் பேத்தி அல்லள் என்பதும் உடற்கூற்றாலேயே வெளிப்படுகின்றது: நீலவிழிப் பெற்றோர்க்குப் பழுப்புவிழி மகள் பிறவாள் என்கிறார் புவாரோ. விழியின் நிறத்தைப் பல மரபணுக்கள் வகுக்கின்றன என்பதும், அரிதாக அவ்வாறு பிறத்தலும் கூடும் என்பதும் இன்று அறியப்பட்டவை. இவ்வாதம் அக்கால அறிவின் எல்லைக்குட்பட்டது.

டாயிலின் 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' (1901–1902) என்னும் கதையிலும் மூதாதையின் ஓவியமே கொலைஞனைக் காட்டுகின்றது. ஆயின் அங்கு ஸ்டேபிள்டன் சொத்துரிமை உடையவன். முகம் காட்டும் உறவும் அவன் விழையும் பொருளும் ஒரே திசையில் செல்கின்றன. கிறிஸ்டி இவ்விரண்டையும் பிரித்தார். முகம் மகன் என்கின்றது. சட்டம் மகனல்லன் என்கின்றது. உயிலில் 'மக்கள்' என்னும் சொல் வந்தால், அது மணவுறவிற் பிறந்தோரையே குறிக்கும் என்பது அன்றைய சட்டத்தின் பொதுவிதி. அவ்விதி 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே மாறியது.

நாற்காலியில் இருந்தவாறே மக்களை இகழும் சிமியன், முறைப்படி பிறந்த உங்களினும் சிறந்த மகன் எனக்கு வேறெங்கோ இருப்பான் என்ற கருத்துப்படக் கூறுகின்றார். விடை அங்கேயே உள்ளது. ஆயினும் நாம் அதனை வசைமொழியாகவே கொள்கின்றோம். ஏனெனில் ஐயத்திற்குரியோர் பட்டியலை உயிலைக்கொண்டே நாமும் வகுத்துவிட்டோம். சட்டம் எண்ணாத மகனை வாசகரும் எண்ணவில்லை. புதிரை விடுவிக்க இயலாமைக்குக் காரணம் நம் அறிவுக்குறை அன்று. சமுதாயத்தின் கணக்கை வினவாமல் ஏற்றுக்கொண்டமையே.

புலனாய்வாளர் எவரும் குற்றவாளியாதல் கூடாது என்பது எஸ். எஸ். வான் டைன் 1928-இல் வகுத்த இருபது விதிகளுள் ஒன்று. கிறிஸ்டி அதனை மீறினார். ஆனால் துப்புகளை மறைக்காது வைத்தார். ஆதலின் இதனை ஏமாற்று எனல் பொருந்தாது.

குருதியே குற்றத்திற்குக் காரணம் என்று நூல் கூறுகின்றதோ என்னும் ஐயம் எழலாம். அதற்கு மறுமொழி ஸ்டீபன். அவனும் சிமியனுக்கு அவ்வாறே பிறந்த மகன். பெயரை மாற்றிக்கொண்டு வந்தவன். ஆயினும் தந்தை எத்தகையவர் என்று காணவே வந்தான், கொல்ல வரவில்லை. விலக்கப்பட்ட இருவருள் ஒருவன் கொன்றான், ஒருவன் கொன்றிலன். ஆகவே விலக்கு மனக்குறைக்குக் காரணமாகலாம். கொலைக்கு அவரவர் உள்ளமே பொறுப்பு என்பது புலனாகும்.

முடிவுரை

திருநாள் ஒரு குடும்பத்தில் உள்ளோர் யாவர் என்று எண்ணிக் காட்டுகின்றது. உயில் அவ்வெண்ணிக்கைக்கு எழுத்துவடிவம் தருகின்றது. புதிர் அவ்வெண்ணிக்கை பிழை என்று மெய்ப்பிக்கின்றது. இம்மூன்றும் ஒன்றிய இடத்தில்தான் இவ்வகைப் புதினம் பொழுதுபோக்கினும் மேலான ஒன்றாகின்றது. இத்தகைய நூல்களை ஆராயப்புகும் மாணவர், கொன்றவர் யார் என்னும் வினாவோடு, விருந்துப் பந்தியில் யாருக்கு இருக்கை இடப்படவில்லை என்னும் வினாவையும் எழுப்புவாராக. முன்னதற்கு நூலாசிரியர் விடை கூறுவர். பின்னதற்குரிய விடையைச் சட்டத்திலும் வரலாற்றிலும் நாமே தேடிக் காணல் வேண்டும்.