வெண்பூச்சுக்குள் ஒரு வர்ணம்

பிறக்கப்போகும் சிசு ஆணா பெண்ணா என்ற செய்தியை ஒரு கேக் அறிவித்த விநோதத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 2008-ஆம் ஆண்டில், முன்பு கரு தங்காமல் துயருற்றிருந்த அமெரிக்க மாது ஒருவர், இம்முறை கர்ப்பம் ஸ்திரப்பட்ட ஆனந்தத்தைப் பந்துக்களோடு பகிர்ந்துகொள்ள விரும்பி, வீட்டிலேயே கேக் செய்து, அதன் நடுவே ரோஜா நிறக் கிரீமை ஒளித்துவைத்தார். வெட்டிய கத்தியோடு பெண் குழந்தை என்ற சமாசாரமும் வெளியே வந்தது. அதிலிருந்தே இவ்வழக்கம் பல தேசங்களுக்கும் பரவியது என்பார்கள்.

இதில் சாமர்த்தியமெல்லாம் மறைப்பதில்தான் இருக்கிறது. சூடு தணியாத கேக்கின்மீது கிரீமைத் தடவினால் அது உருகி வழிந்து ரகசியத்தை ஓரத்திலே காட்டிக்கொடுத்துவிடும். ஆகையால் அடுக்குகளை நன்றாக ஆறவிட்டு, வர்ணக் கிரீமை விளிம்புவரை கொண்டுபோகாமல் சற்று உள்ளேயே நிறுத்தி, முதலில் மெல்லிய வெண்பூச்சு ஒன்றைப் பூசி, உதிரும் துகள்களெல்லாம் அதிலே ஒட்டிக்கொள்ளும்படி குளிர்சாதனப் பெட்டியில் இறுகவைத்து, அதன் பிறகே கனத்த மேற்பூச்சைப் பூசுவார்கள்.

நம் தேசத்திலோ, சிசு ஆணா பெண்ணா என்று பிரசவத்துக்கு முன் கண்டறிந்து சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, நியாயமான தடைதான். எனவே வளைகாப்புக்குக் கேக் செய்கிறவர்கள் உள்ளே எதையும் ஒளிக்காமல், மேலே சர்க்கரைப் பசையால் வளையல்களும் தொட்டிலும் செய்து வைக்கிறார்கள். வந்திருக்கும் வாண்டுகள் விட்டுவைத்தால், அவை கேக் வெட்டும்வரை இருக்கும்!