ஆறாத புண்ணும் தட்டணு மருத்துவமும்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை அடுத்துள்ள தாமலிலும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும், உழவர் வீடாயினும் தறி ஓடும் வீடாயினும், கொட்டகையில் நிற்கும் ஒரு கறவை மாடே பல குடும்பங்களுக்குக் கைம்முதலாகும். முள்வேலி கிழித்தோ, கயிறு அறுத்தோ, வண்டி மோதியோ அம்மாட்டிற்கு உண்டான புண் மாதக்கணக்கில் ஆறாதிருப்பின், பால் குறைகின்றது; சந்தையில் விலை இறங்குகின்றது. முடிவில் மாட்டையே இழப்பதும் உண்டு. இத்தகைய புண்களுக்கு அந்த மாட்டின் இரத்தத்திலிருந்தே மருந்து எடுக்கும் முறையொன்று இப்போது கையாளப்படுகின்றது. அதன் பயனையும் எல்லையையும் நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

இரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு ஆகியவற்றோடு, அவற்றினும் சிறியனவாகிய தட்டணுக்களும் உள்ளன. பிளேட்லெட் என்று வழங்குபவை இவையே. இரத்தம் உறைவதில் இவற்றிற்குள்ள பங்கை 1882-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் பிஸ்ஸொஸெரோ விளக்கிக் காட்டினார். தோல் கிழிந்தவுடன் தட்டணுக்கள் அவ்விடத்தில் ஒன்றுகூடி ஒட்டிக்கொள்கின்றன; பைப்ரின் என்னும் நுண்ணிழைகள் வலைபோற் பின்னி இரத்தத்தை நிறுத்துகின்றன. அறுந்த பாவு இழையைப் பிணைத்த பின்னரே ஊடை ஓட்ட முடியும் என்பதை அறிந்த நெசவாளருக்கு இது எளிதில் விளங்கும்.

பிணைப்பதோடு தட்டணுவின் வேலை முடிவதில்லை. வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களை அது வெளியிடுகின்றது. அவை புதிய இரத்தக் குழாய்கள் தோன்றவும், புதுச் சதை வளரவும், புண்ணின் ஓரத்துத் தோல் உள்நோக்கிப் படரவும் தூண்டுகின்றன. இத்தட்டணுக்களைப் பன்மடங்கு செறிவாக்கிப் புண்ணில் இடுவதே இம்முறையின் கருத்தாகும்.

செய்முறை வருமாறு: கால்நடை மருத்துவர் மாட்டின் கழுத்து நரம்பிலிருந்து சிறிதளவு இரத்தத்தை, உறையாமற் காக்கும் சிட்ரேட் கலந்த குழாய்களில் எடுக்கின்றார். 300 கிலோ எடையுள்ள மாட்டின் உடலில் ஏறக்குறைய 17 லிட்டர் இரத்தம் உண்டு; ஆதலால் 50 மில்லி லிட்டர் எடுப்பதனால் தீங்கில்லை. குழாய்களை விரைந்து சுழலும் பொறியில் வைத்துச் சுழற்றினால், சிவப்பணுக்கள் அடியில் தங்கி, மஞ்சள் நிறமான பிளாஸ்மா மேலே தெளிகின்றது. அதைத் தனியே எடுத்து மீண்டும் சுழற்ற, தட்டணுக்கள் அடியில் சேர்கின்றன. மேலுள்ள நீரில் பெரும்பகுதியை நீக்கினால் எஞ்சுவதே தட்டணுச் செறிவுப் பிளாஸ்மா. அதில் கால்சியம் குளோரைடு சேர்த்தால் கூழ்போல் இறுகும். அதனைத் தூய்மை செய்த புண்ணின்மேல் பரப்பிக் கட்டுவர். அல்லது இறுகுமுன் புண்ணின் ஓரங்களில் ஊசிமூலம் செலுத்துவர்.

இஃது எல்லாப் புண்ணையும் ஆற்றும் அற்புத மருந்து அன்று. குதிரையின் கால் புண்ணில் நற்பயன் கண்டதாக 2003-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆனால், நலமுள்ள குதிரைகளின் முன்னங்காலில் புதிதாக உண்டாக்கிய புண்களில் இம்மருந்தைச் சோதித்த 2009-ஆம் ஆண்டின் ஆய்வில், புண் விரைந்து ஆறவில்லை. அளவுக்கு மீறிய சதையே வளர்ந்தது. தானே ஆறக்கூடிய புதுப் புண்ணைக் காட்டிலும், தோல் பெரிதும் இழந்த புண்ணுக்கும் நாட்பட்ட புண்ணுக்குமே இது ஏற்றதாகலாம் என்று அவ்வாய்வாளர் கருதினர்.

சீழ், புழு, அழுகிய சதை ஆகியவை இருக்கும்வரை இதனை இடுவதிற் பயனில்லை. கொம்புப் புற்று போன்ற புற்றுப் புண்ணில் வளர்ச்சியைத் தூண்டும் மருந்தை இடுதல் கூடாது. உண்ணிக் காய்ச்சல் கண்ட மாட்டின் இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். ஒரு மாட்டின் இரத்தத்தை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால், அதிலுள்ள நோய்க் கிருமிகளும் உடன் செல்லும். ஆகவே பரிசோதனை முந்த வேண்டும். மருந்து பிந்த வேண்டும்.

எந்த மருத்துவமாயினும் அதற்கு அடிப்படை நமது கையிலேயே உள்ளது. காயம் பட்ட அன்றே சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்து, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்புக் கரைத்துக் கழுவுதல் வேண்டும். சுண்ணாம்பு, சாம்பல், எஞ்சின் கழிவெண்ணெய் முதலியவற்றைப் பூசுதல் புண்ணைக் கெடுக்கும். ஈ மொய்க்காமற் காத்து, ஆழமான காயமாயின் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டல் வேண்டும். கால்நடை ஆம்புலன்சை அழைக்க 1962 என்னும் தொலைபேசி எண் உள்ளது. 1903-இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கின்றது. ஆறாத புண்ணுக்கு அங்கும் ஆலோசனை பெறலாம்.

சுழற்பொறி தனியொருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளன்று. பழகிய கையும் தூய்மையும் அதற்குத் தேவை. ஆயின் பல ஊர்ச் சங்கங்கள் கூடி, தகுதி பெற்ற மருத்துவரின் பொறுப்பில் ஒரு பொறியை அமைத்துக்கொள்ளுதல் இயலாத காரியமன்று. தனித்து நின்றால் எட்டாததைச் சேர்ந்து எட்டுவதற்கன்றோ கூட்டுறவு தோன்றியது!